நாற்றுப்பண்ணைச் செடியைக் குறுமரமாக்கல்: பதியனும் ஒட்டும்

ஒரு மரத்தின் அடிப்பகுதியில் பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டால் அம்மரம் உடனே வாடுவதில்லை. இலைகள் பல மாதங்கள் பசுமையாகவே இருக்கும். பின்னர் அது மெல்ல நலிந்து பட்டுப்போகும். கோடரியின் ஓசையின்றி மரத்தைக் கொல்லும் இவ்வழி உலகின் பல காடுகளிலும் அறியப்பட்டதே. அதே வளையத்தை ஒரு கிளையில் முறைப்படி உரித்து, ஈரமான நாரைச் சுற்றிக் கட்டினால், இரண்டு மூன்று மாதங்களில் அங்கே வேர்கள் தோன்றுகின்றன. கிளையை வெட்டி நட்டால் அது தனி மரமாகிறது. கத்தியும் ஒன்று, வெட்டும் ஒன்று. ஒரு வெட்டு மரத்தைக் கொல்கிறது, மற்றொன்று புதிய மரத்தை ஈன்று தருகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்த ஊழியர் பதியன், ஒட்டு ஆகிய இரண்டையும் எந்தப் பயிரிலும் தயக்கமின்றிக் கையாள முடியும்.

அதனைக் கற்பிப்பதற்கு மிகவும் ஏற்ற பொருள் தொட்டியில் வளர்க்கும் குறுமரமாகும். இடுக்கி மாவட்டத்தின் ஏலமலையில் உடும்பன்சோலை வட்டத்தைச் சேர்ந்த சக்குபள்ளத்தையும், அதனையொத்த மலையூர்களையும் மனத்திற் கொண்டு இப்பாடம் எழுதப்படுகிறது.

குறுமரம் என்பது யாது?

சீனத்தில் தோன்றி, ஜப்பானில் தனிக்கலையாக வளர்ந்த போன்சாய் முறையையே இங்குக் குறுமரம் எனக் குறிக்கிறோம். 1923ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்திற்குப் பின் டோக்கியோ நகரக் குறுமர வளர்ப்பாளர்கள் சிலர் வடக்கே ஓமியா என்னுமிடத்திற்குக் குடிபெயர்ந்தனர். 1925ஆம் ஆண்டில் அங்கே அவர்கள் அமைத்த குறுமரக் கிராமம் இன்றளவும் புகழ் பெற்றது.

குறுமரத்தைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் மக்களிடையே நிலவுகின்றன. அது தனி இனம் என்பது ஒன்று. உணவு கொடாமல் பட்டினி போட்டு வளர்க்கப்படுவது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையல்ல. குறுமரத்தின் விதையை நிலத்தில் விதைத்தால் அது வழக்கமான பெருமரமாகவே வளரும். நீர், உரம், வெயில் ஆகியவை குறுமரத்திற்கும் முறையாக வேண்டும். வேர் பரவும் இடம் சுருங்குவதாலும், நுனிகளையும் வேர்களையும் காலம் தவறாது கத்தரிப்பதாலுமே அது சிறியதாக நிலைக்கிறது.

நாற்றுப்பண்ணை மேப்பிளில் எழும் சிக்கல்

குறுமர நூல்களில் பெரிதும் பேசப்படுவது ஜப்பானிய மேப்பிள் மரம். ஏசர் பால்மேட்டம் என்பது இதன் தாவரவியற் பெயர். செந்நிற இலை, நுண்ணிய பிளவுகளுள்ள இலை முதலிய சிறப்பு வகைகளை விதையின் மூலம் பெருக்கினால் தாயின் இயல்பு மாறாமல் வருவதில்லை. ஆகவே நாற்றுப்பண்ணையினர் சாதாரண மேப்பிள் நாற்றின் மீது சிறப்பு வகையின் குச்சியை ஒட்டி விற்கின்றனர். தோட்டத்தில் நடுவோருக்கு இதனால் குறையொன்றுமில்லை. குறுமரம் ஆக்க விரும்புவோருக்கோ ஒட்டிய இடம் ஆண்டுதோறும் புடைத்துப் பெரும் கணுவாகத் தெரிகிறது. மேலும் கீழும் பட்டையின் நிறமும் அமைப்பும் வேறுபடுகின்றன.

இதற்குரிய பரிகாரம் ஒட்டுக்குச் சற்று மேலே பதியன் போடுவதாகும். அங்கே புதிய வேர் வந்தபின் வெட்டி எடுத்தால் சிறப்பு வகை தன் சொந்த வேரில் நிற்கிறது, புடைப்பும் நீங்கிவிடுகிறது. கிளையில்லாத வெற்றிடங்களை அதே மரத்தின் இளந்தண்டைக் கொண்டு ஒட்டி நிரப்பலாம். ஒட்டினால் வந்த குறையைப் பதியன் தீர்க்கிறது. பதியனால் கிடைத்த மரத்தின் குறையை ஒட்டு தீர்க்கிறது.

நம் மலைக்கு ஏற்ற மரம்

மேப்பிள் இலையுதிர் மரம். குளிர்காலத்தில் பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்கி எழுவது அதன் இயல்பு. ஏலமலையின் குளிர்காலம் அவ்வுறக்கத்திற்குப் போதுமானதன்று. இங்கே கொண்டுவரப்படும் மேப்பிள் சில ஆண்டுகளில் நலிவடையக் கூடும். ஆகவே மேப்பிளிடமிருந்து முறையைக் கற்று, நம் மண்ணின் மரத்தில் அதைச் செய்வதே அறிவுடைமை.

அத்தி, இத்தி, ஆல், அரசு ஆகிய நான்கையும் நம் வைத்திய முறைகள் ஒருங்கே போற்றுகின்றன. குறுமரப் பயிற்சிக்கு இவற்றுள் இத்தி மிகச் சிறந்தது. சில பகுதிகளில் கல்லிச்சி என வழங்குவதும் இதுவே. தாவரவியலில் பைக்கஸ் மைக்ரோகார்ப்பா என்பர். இதன் இலை சிறியது, வெட்டைப் பொறுக்கும், எளிதில் வேர்விடும், இரு தண்டுகள் நெருங்கி நின்றால் தாமே ஒன்றாக இணைந்துவிடும். நாற்றுப்பண்ணைகளில் வேலிச்செடியாகவும் அழகுச்செடியாகவும் இது கிடைக்கிறது. கட்டடச் சுவர்களில் முளைத்து, எப்படியும் அகற்றப்பட வேண்டிய கன்றுகளையும் பயன்படுத்தலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டியுள்ளது. பருத்த அடிமரத்தின் மீதுள்ள ஆசையால் சிலர் காட்டுப் பாறைகளில் பல ஆண்டுகளாக நின்று குறுகிய மரங்களைப் பெயர்த்தெடுக்கின்றனர். அவற்றுட் பல தொட்டியில் பிழைப்பதில்லை. ஒதுக்குக் காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது 1961ஆம் ஆண்டின் கேரள வனச் சட்டப்படி குற்றமுமாகும். விரல் பருமனுக்கு மேற்பட்ட கிளையைப் பதியனால் தனி மரமாக்கக் கற்றவருக்குக் காட்டைத் தொடவேண்டிய தேவை இல்லை.

பட்டையும் கட்டையும்

இத்தி, மேப்பிள் போன்ற மரங்களின் தண்டைக் குறுக்கே வெட்டி நோக்குக. வெளியே பட்டை, உள்ளே கட்டை. கட்டைப் பகுதியிலுள்ள சைலம் என்னும் குழாய்கள் வேர் உறிஞ்சும் நீரை மேலே கொண்டுசெல்கின்றன. பட்டையின் உட்புறத்திலுள்ள புளோயம் இலைகள் ஆக்கிய சர்க்கரையைக் கீழே வேருக்குக் கொண்டுசெல்கிறது. இரண்டிற்கும் இடையே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படை உள்ளது. அது உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் பட்டையையும் ஆக்கி, தண்டைப் பருக்கச் செய்கிறது.

பட்டையை மட்டும் வளையமாக நீக்கினால் நீரின் பாதை அறுபடுவதில்லை. ஆகையால் இலை வாடுவதில்லை. சர்க்கரையின் பாதை அறுபடுகிறது. இலையில் உண்டான சர்க்கரையும், நுனிகளிலிருந்து இறங்கும் ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப் பொருளும் வளையத்தின் மேல் விளிம்பில் தங்குகின்றன. வளையத்திற்கு மேலே தண்டு வீங்குவதை இத்தாலிய அறிஞர் மால்பிகி 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டு எழுதினார்.

அடிமரம் முழுவதையும் சுற்றி வளையமிட்டால் வேர்களுக்கு உணவு இல்லை. சேமிப்பு உள்ளவரை அவை வாழ்கின்றன. பிறகு பட்டினியால் சாகின்றன. வேர் செத்தபின் மரமும் சாகிறது. பதியனிலோ, மேல் விளிம்பில் தங்கிய உணவும் ஆக்ஸினும் ஈரமும் இருளும் காற்றும் ஓரிடத்தில் சேரும்படி நாம் ஏற்பாடு செய்கிறோம். அங்கே புதிய வேர் பிறக்கிறது. பழைய வேரிலிருந்து நீர் தடையின்றி வந்துகொண்டிருப்பதால் அதுவரை கிளை உயிரோடிருக்கிறது.

ஒட்டின் இரகசியமும் இதே வளர்படையில்தான் உள்ளது. இரு தண்டுகளின் கேம்பியங்கள் ஒன்றோடொன்று நெருங்கி அமைந்தால், இரண்டும் காயத்திசுவை உண்டாக்கிப் பிணைகின்றன. பின்னர் அதனூடே நீர்க்குழாயும் உணவுக்குழாயும் தொடர்ச்சி பெறுகின்றன. கட்டையோடு கட்டையைச் சேர்த்து எவ்வளவு இறுகக் கட்டினும் வளர்படைகள் சந்திக்காவிடில் ஒட்டு பிடிக்காது.

முதல் ஆண்டு: விண்பதியன்

வங்காளத்திலும் பீகாரிலும் கூட்டி எனப்படும் முறை இதுவே. முசாபர்பூரின் லிச்சிக் கன்றுகள் இம்முறையில் பெருக்கப்படுவன. ஏலமலையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே, ஜூன் மாதங்கள் இதற்கு ஏற்றவை.

1. நாற்றுப்பண்ணையில் 2 அல்லது 3 ஆண்டு வயதுடையதும், தண்டு 2 முதல் 3 சென்டிமீட்டர் பருமனுள்ளதுமான நலமிக்க செடியைத் தேர்ந்தெடுக்க. பைச்செடிகளின் வேர் பெரும்பாலும் சுருண்டிருக்கும். தண்டின் அடிப்பகுதி கிளையின்றி நீண்டிருக்கும். இவை குறைகளே எனினும் பதியனால் நீங்கக்கூடியவை. கிளைகள் நன்கு அமைந்த இடத்திற்குச் சற்றுக் கீழே வளையத்தின் இடத்தைக் குறிக்கவும். வருங்காலத்தில் அதுவே மரத்தின் அடியாகும்.

2. தூய்மையான கூரிய கத்தியால் தண்டைச் சுற்றி இரு வெட்டுகள் இடுக. அவற்றின் இடைவெளி தண்டின் குறுக்களவைவிடச் சற்று மிகுதியாக இருக்கவேண்டும். இடையிலுள்ள பட்டையை முழுவதும் உரித்து நீக்குக.

3. வெளிப்பட்ட கட்டையின் மேலுள்ள வழுவழுப்பான படலத்தைக் கத்தி முதுகால் நன்கு சுரண்டுக. இதுவே வளர்படையின் எச்சம். இத்தியில் பால் வடியும். ஈரத்துணியால் துடைத்து, வடிதல் நின்றபின் வேலையைத் தொடர்க.

4. மேல் விளிம்பில் வேர்த்தூண்டிப் பொடியைத் தடவலாம். இண்டோல் பியூட்ரிக் அமிலம் வேர்விடுதலைத் தூண்டும் என்பதை 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸிம்மர்மனும் வில்காக்ஸனும் காட்டினர். இத்தியில் இது இல்லாமலும் வேர் வரும். மேப்பிளில் இதைப் பயன்படுத்துவது நன்று.

5. தென்னைநார்த் தூளைப் பலமுறை நீரில் அலசி உப்பு நீக்கி, நனைத்துப் பிழிந்து, வளையத்தைச் சுற்றி ஒரு கைப்பிடி கனத்திற்கு வைத்து, பாலித்தீன் தாளால் பொதிந்து இருபுறமும் கட்டுக. பிழிந்தால் நீர் சொட்டாத ஈரமே போதுமானது. சோலை மரங்களின் பாசியைச் சுரண்டி எடுத்து இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வெயில் படாதிருக்கப் பொதியின் மேல் சாக்குத்துண்டைச் சுற்றுக.

6. இத்தியில் 4 முதல் 8 வாரங்களிலும், மேப்பிளில் 2 முதல் 3 மாதங்களிலும் வேர்கள் தாளின் வழியே தெரியும். வெண்ணிற வேர் கண்டவுடன் வெட்டுவது அவசரம். வேர்கள் பழுப்பேறிக் கிளைத்து, பொதியை நிரப்பியபின் வளையத்திற்குக் கீழே அறுத்தெடுக்க. இலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, வேர்களைச் சக்கரத்தின் ஆரங்கள் போல் நாற்புறமும் பரப்பி, அகன்ற தொட்டியில் நட்டு, சில வாரங்கள் நிழலில் வைக்கவும்.

எஞ்சிய அடிக்கட்டையை எறிந்துவிடலாகாது. இத்தியின் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். ஒரு செடியிலிருந்து இரு மரங்கள் இவ்வாறு கிடைக்கின்றன.

இரண்டாம் ஆண்டு: கிளை ஒட்டு

மரம் சொந்த வேரில் வலுப்பெற்றபின் அதன் வடிவத்தை நோக்குக. கிளை வேண்டிய இடத்தில் கிளை இல்லையெனில் இரு முறைகள் உள்ளன.

நெருக்கு ஒட்டு: அதே மரத்தின் நீண்ட இளந்தண்டொன்றை, தாயிடமிருந்து அறுக்காமலே, வளைத்து வேண்டிய இடத்திற்குக் கொண்டுவருக. அங்கே அடிமரத்தில் இளந்தண்டின் பருமனுக்கேற்ற பள்ளம் செதுக்குக. இளந்தண்டின் அடிப்புறத்திலும் பட்டையைச் சீவி, இரண்டின் பட்டை விளிம்புகளும் பொருந்தும்படி பள்ளத்தில் பதித்து இறுகக் கட்டுக. தாயின் உணவு தொடர்ந்து வருவதால் இம்முறையில் இழப்பு குறைவு. மாங்கன்று ஒட்டுக் கட்டியவர்களுக்கு இது பழகிய வேலையே.

துளை ஒட்டு: அடிமரத்தில் இளந்தண்டைவிடச் சற்றே பெரிய துளையிடுக. இளந்தண்டின் இலைகளை நீக்கி, மொட்டுகள் உராயாமல் அதைத் துளையினூடே இழுத்து மறுபுறம் வெளிவரச் செய்க. தண்டு பருக்கும்போது துளையை நிரப்பி அடிமரத்தோடு இணைகிறது. இணைந்ததா என்பதை எவ்வாறு அறிவது? தண்டு துளைக்குள் நுழையும் பக்கத்தையும் வெளிவரும் பக்கத்தையும் ஒப்பிடுக. வெளிவரும் பக்கம் தெளிவாகப் பருத்திருந்தால், அது அடிமரத்திலிருந்து நேரே நீர் பெறத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போதுதான் நுழையும் பக்கத்தை அறுக்கலாம்.

அடியில் ஒரு பக்கம் வேரில்லாவிடில், சிறு நாற்றொன்றை அவ்விடத்தில் நெருக்கு ஒட்டாகச் சேர்த்து, பிடித்தபின் நாற்றின் மேற்பகுதியை நீக்கலாம். நாற்றின் வேர் மரத்தின் வேராகிவிடும்.

மூன்றாம் ஆண்டும் பின்னரும்

ஒட்டுகள் பிடித்தபின் ஆழங்குறைந்த தொட்டிக்கு மாற்றுக. அடியில் நீர் வடியும் துளைகள் இன்றியமையாதவை. செங்கல் துண்டு அல்லது சரளை, பெருமணல், மக்கிய எரு ஆகியவை கலந்த மண்ணில் நீர் தேங்காது. கிளைகளுக்குக் கம்பி சுற்றி வளைக்கும்போது கம்பி பட்டையில் பதியுமுன் அகற்றவேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை மழைத் தொடக்கத்தில் மரத்தை வெளியே எடுத்து, வேர்த்திரளில் மூன்றிலொரு பங்கைக் கத்தரித்துப் புதுமண் இடுக. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறட்சியில் தொட்டி மண் ஒரு நாளிலேயே காய்ந்துவிடக்கூடும். நாள்தோறும் விரலால் தொட்டுப் பார்த்தபின் நீரூற்றுவதே சரியான முறை.

பிழைகளும் காரணங்களும்

வளையத்தில் வேர் வராமல் மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் மீண்டும் இணைந்துவிட்டால், வளர்படை முழுவதும் சுரண்டப்படவில்லை என்பது பொருள். மேல் விளிம்பு கறுத்து அழுகினால் பொதியில் நீர் மிகுந்துவிட்டது. வீக்கம் உண்டாகி வேர் வராமல் நின்றால் நார் காய்ந்திருக்கலாம். அறுத்தெடுத்த மரம் சில நாட்களில் வாடினால் வேர் போதாமல் அறுத்துவிட்டோம். ஒட்டிய கிளை கட்டு அவிழ்த்ததும் பிரிந்தால் வளர்படைகள் பொருந்தவில்லை. செடி வாடியது என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதாமல், எந்த நிலையில் எவ்வாறு வாடியது என எழுதும் பழக்கம் வேண்டும்.

மலைத்தோட்டப் பயிர்களில் இவ்வறிவின் பயன்

ஏலமலையின் முதன்மைப் பயிராகிய ஏலம் ஒரு வித்திலைத் தாவரம். அதன் தண்டில் வளர்படை வளையம் இல்லை. ஆதலால் ஏலத்தில் ஒட்டுக்கட்டவோ வளையப் பதியன் போடவோ இயலாது. கிழங்கிலிருந்து வரும் தூர்களாலும் விதையாலுமே அதைப் பெருக்குகிறோம்.

மிளகின் நிலை வேறு. பைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிரியால் வரும் வாடல் நோய் மிளகுத் தோட்டங்களை அழிப்பதை ஊழியர்கள் அறிவர். தென் அமெரிக்காவைச் சேர்ந்த பைப்பர் கொலுப்ரினம் என்னும் மிளகினம் இந்நோயைத் தாங்கவல்லது. அதன் மீது நம் மிளகை ஒட்டிக் கன்றுகள் தயாரிக்கப்படுகின்றன. எனினும் சில ஒட்டுகள் நன்கு வளர்ந்தபின் சில ஆண்டுகள் கழித்து ஒவ்வாமையால் வாடியதும் உண்டு. அவ்வேர்ச்செடி ஈரம் மிகுந்த நிலத்தை விரும்புவது. வறண்ட சரிவில் நட்டால் துன்புறும். ஆகவே ஒட்டு பிடித்தது என்பது வேலையின் முடிவன்று. குறுமரத்தில் புடைப்பைக் கவனிக்கக் கற்றவர் மிளகுக் கன்றிலும் ஒட்டிடத்தை ஆண்டுதோறும் கவனிப்பார்.

மூன்றாவது, நிழல் மரங்கள். ஏலத்திற்கு நிழல் தரும் மரத்தின் அடியில் மாடு கட்டிய கயிறோ, முள்வேலிக் கம்பியோ பட்டையைச் சுற்றிலும் அறுத்துவிட்டால், அது அறியாமற் செய்த வளையமே. இலை பசுமையாக இருப்பதைக் கண்டு மரம் நலமாயிருக்கிறது என எண்ணிவிடக்கூடாது. அடியில் வேர்கள் அதற்குள் பட்டினி கிடக்கத் தொடங்கியிருக்கும்.

வகுப்பறைப் பரிசோதனை

பள்ளித் தோட்டத்துக் கொய்யா மரத்தில் பென்சில் பருமனுள்ள மூன்று கிளைகளைத் தேர்ந்தெடுக்க. முதற்கிளையில் வளையம் உரித்து ஈரநாரால் பொதிக. இரண்டாவதில் வளையம் உரித்து வெறுமனே விடுக. மூன்றாவதில் வளையத்தின் குறுக்கே அரை சென்டிமீட்டர் அகலப் பட்டையை மேலிருந்து கீழாக விட்டுவைத்து, ஏனையதை உரித்துப் பொதிக. வாரம் ஒருமுறை மூன்றையும் பார்த்து, மேல் விளிம்பின் வீக்கம், இலையின் நிறம், வேர் தோன்றிய நாள் ஆகியவற்றை மாணாக்கர் அட்டவணையில் எழுதட்டும். 10 வாரங்களின் முடிவில் பொதிகளைப் பிரித்து ஒப்பிடுக. கத்தியைக் கையாளும் வேலையை ஆசிரியரே செய்வது நன்று.

பயிற்சி வினாக்கள்

1. பட்டை உரிக்கப்பட்ட கிளையின் இலைகள் உடனே வாடாதது ஏன்?
2. புதிய வேர்கள் வளையத்தின் கீழ் விளிம்பில் தோன்றாமல் மேல் விளிம்பில் தோன்றுவதற்குக் காரணம் என்ன?
3. மூன்றாவது கிளையில் விட்டுவைத்த சிறு பட்டை என்ன மாறுதலை விளைவித்தது?
4. துளை ஒட்டில் நுழையும் பக்கமும் வெளிவரும் பக்கமும் ஒரே பருமனாக இருந்தால் அறுக்கலாமா?
5. உங்கள் ஊரின் பயிர்களுள் ஒட்டுக்கட்ட இயலாதவை எவை? காரணத்துடன் பட்டியலிடுக.